நாற்பத்தாறாம் பக்கம்

ஜூலை 12, வெள்ளி

ஆடி பிறக்க இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. அதற்குள் தெருமுனை அம்மன் கோயில்காரர்கள் குழாய் ஸ்பீக்கரை வேப்பமரத்தில் கட்டிவிட்டார்கள். சரியாக என் எழுதும் மேஜைக்கு நேராக. வேண்டுமென்றே செய்தார்களா என்று யாராவது கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வேன். போன ஆடிக்கு ‘அம்மனுக்குக் காது கேட்காதா?’ என்று நான் என் ‘நெத்தியடி’ பத்தியில் எழுதியது அவர்களுக்கு இன்னும் ஆறவில்லை. எனக்கும் ஆறவில்லை. இந்த வருடமும் எழுதுவேன்.

‘மணிக்கூண்டு’ வார இதழின் பன்னிரண்டாம் பக்கம் பதினேழு வருடமாக என்னுடையது. இன்று எட்டுக் கடிதங்கள் வந்தன. ஐந்து திட்டு, இரண்டு பாராட்டு, ஒன்று என்னவென்றே புரியவில்லை. அம்பத்தூரிலிருந்து ஒருவர், ‘அறிவுக்கொடி என்று பெயர் வைத்த உன் அப்பாவைச் சொல்ல வேண்டும்’ என்று எழுதியிருக்கிறார். தாராளமாகச் சொல்லட்டும். திட்டுக் கடிதம் எழுதுகிறவர்கள்தான் கடைசி வரி வரை படிக்கிறார்கள். பாராட்டுகிறவர்கள் தலைப்போடு கிளம்பிவிடுகிறார்கள்.

கட்டுரை என்றால் வாசகர் தோளில் கை போட்டு நடக்கக் கூடாது. சட்டையைப் பிடித்து நிறுத்த வேண்டும். இப்போதெல்லாம் எழுதுகிற பிள்ளைகள் முதல் பத்தியிலேயே மழை பெய்ய விடுகிறார்கள். பெரம்பூரில் மழை பெய்தால் சாக்கடை பொங்கும். அதை எழுது என்றால் முகம் சுளிக்கிறார்கள்.

அக்கா கூடத்தில் உட்கார்ந்து மணிக்கூண்டைப் பின்னாலிருந்து படித்துக்கொண்டிருக்கிறாள். நாற்பத்தாறாம் பக்கம், ராசி பலன். அங்கேயே அரை மணி நேரம். என் பக்கம் வரை வருவதே இல்லை.

ஜூலை 14, ஞாயிறு

இன்று அக்காவோடு பெரிய சண்டை. அந்த ஸ்பீக்கருக்கு மின்சாரம் எங்கிருந்து போகிறது என்று ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். என் வீட்டு பால்கனிக்கு வந்து சேர்ந்தேன்! என் பிளக்கில், என் சுவிட்சில்.

“நான்தான் குடுத்தேன். ஒரு மாசம்தானே. அம்மனுக்குச் செய்யறதுல கணக்குப் பாக்கறியா?” என்றாள்.

“அக்கா, என் வீட்டு கரண்ட்ல என் காதையே கிழிக்கிறானுங்க. அதுக்கு நீயே பிளக் குடுத்திருக்க.”

“ஓ, உன் வீடா? சரிம்மா. மாமா இருந்தவரைக்கும் எனக்கும் ஒரு வீடு இருந்துச்சு.”

அவ்வளவுதான், முந்தானையை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த ஒரு வார்த்தையைப் பிரம்மாஸ்திரம் மாதிரி வைத்திருக்கிறாள். மாமா இறந்து மூன்று வருடம் ஆகிறது. அன்றிலிருந்து இங்கேதான் இருக்கிறாள். நான் ஒரு நாளாவது என் வீடு, உன் வீடு என்று பிரித்திருக்கிறேனா? இன்று வாய் தவறி வந்துவிட்டது.

சிவகாமி அக்கா பிறந்தபோது அப்பா பழனிக்குப் பாதயாத்திரை போய்க்கொண்டிருந்தார். ஏழு வருடம் கழித்து நான் பிறப்பதற்குள் ரயில்பெட்டி ஆலையில் சங்கம், கருப்புச் சட்டை, கூட்டம் எல்லாம் ஆகிவிட்டது. ஒரே வயிற்றில் ஒரு சிவகாமியும் ஒரு அறிவுக்கொடியும் பிறந்தது அப்படித்தான். அறுபத்துநான்கு வயதிலும் அவளுக்குத் திருநீறு இல்லாமல் பொழுது விடியாது. ஐம்பத்தேழு வயதிலும் எனக்கு அதைப் பார்த்தால் நாக்கு துறுதுறுக்கும்.

சண்டையோடு சண்டையாக நாற்பத்தாறாம் பக்கத்தையும் முடித்து அனுப்பிவிட்டேன். இந்த நாட்குறிப்பை வேறு யாரும் படிக்கப் போவதில்லை, அதனால் சொல்லிவிடலாம். அந்தப் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருக்கும் தண்டபாணி ஜோதிடர் செத்து மூன்று வருடம் ஆகிறது. மாமா போன அதே மாதம். ஆசிரியர் தேவசகாயம் சார் என்னைக் கூப்பிட்டு, “ஒரே ஒரு வாரம் சமாளிச்சுக் குடுங்கம்மா, புது ஆள் பாத்துடறேன்” என்றார். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. பத்திரிகையில் அப்பா பெயர் வந்துகொண்டே இருக்கட்டும் என்று ஜோதிடரின் மகனும் ஒப்புக்கொண்டார். படமும் பெயரும் அவருடையது, எழுத்து என்னுடையது.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் யாருக்கும் கெடுதல் எழுதுவதில்லை. வேறொருவன் எழுதினால் பரிகாரம், கல் மோதிரம் என்று பயமுறுத்துவான். நான், ‘தண்ணீர் நிறையக் குடிக்கவும்’, ‘வாக்குவாதம் தவிர்க்கவும்’ என்று எழுதுகிறேன். வேலை செய்யும் விதமும் சுலபம். பழைய இதழ் ஒன்றை எடுத்து ஒரு ராசி தள்ளிப் போட வேண்டும். அன்றைய மேஷம் இன்றைய ரிஷபம், அன்றைய ரிஷபம் இன்றைய மிதுனம். யாரும் கண்டுபிடித்ததில்லை. அலுவலகத்தில் அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதுகூட இல்லை.

சிம்மத்துக்கு மட்டும் எப்போதும் புதிதாக எழுதுவேன். இன்று அதையும் செய்யவில்லை. சிம்ம ராசிக்காரிக்கு இந்த வாரம் பழையதே போதும்.

ஜூலை 15, திங்கள்

காலையில் அக்கா கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். “கொடி, இடது மார்ல ஒரு கட்டி மாதிரி இருக்குடி.”

எவ்வளவு நாளாக என்று கேட்டேன். “சித்திரைத் திருவிழா சமயத்துலேருந்து” என்றாள். மூன்று மாதம்! மூன்று மாதமாக ஒரே வீட்டில், ஒரே குளியலறையில். நான் ஊரில் இருக்கிற அநியாயத்தையெல்லாம் மோப்பம் பிடிக்கிறவள் என்று பெயர் வாங்கியிருக்கிறேன்.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத விருப்பமில்லை. மீன்காரர் வாசலில் வஞ்சிரம் என்று குரல் கொடுத்தார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

ஜூலை 16, செவ்வாய்

ஆஸ்பத்திரி. டாக்டர் ரெஹானா, நாற்பது வயதிருக்கும். சுற்றி வளைக்காமல் பேசுகிறார், அதனால் பிடித்தது. ஊசி வைத்துச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். சனிக்கிழமை ரிசல்ட்.

அக்கா வழி முழுக்க ஆட்டோக்காரரிடம் அவர் பெண்ணின் கல்யாணம் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள். எனக்குக் கோபம் வந்தது. ஏன் கோபம் என்று தெரியவில்லை.

ஜூலை 19, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. ஸ்பீக்கர் காலை ஐந்தரைக்கே ஆரம்பித்துவிட்டது. பால்கனிக்குப் போய் பிளக்கைப் பார்த்தேன், பிடுங்கவில்லை. அக்கா குளித்துவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

பத்து மணிக்கு மணிக்கூண்டு வந்தது. அக்கா பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு படித்தாள். வழக்கமாக வாய்விட்டுப் படிப்பாள். இன்று மௌனமாகப் படித்தாள். பிறகு மடித்துத் தலையணை அடியில் வைத்துவிட்டாள்.

நான் கேட்கவில்லை. இன்னும் நான்கு கடிதங்களுக்குப் பதில் எழுத வேண்டியிருந்தது.

ஜூலை 20, சனி

புற்றுநோய்தான்.

டாக்டர் ரெஹானா பேப்பரில் படம் போட்டுக் காட்டினார். இரண்டாம் கட்டம். இப்போது எடுத்துவிட்டால் நன்றாகப் பிழைத்து எழலாம் என்றார். ஆகஸ்ட் ஐந்து, திங்கட்கிழமை ஆபரேஷன் என்று தேதியும் குறித்துவிட்டார்.

அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, “தை பொறந்ததும் வெச்சுக்கலாம் டாக்டரம்மா” என்றாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். “தையா? ஜனவரியா? அம்மா, இது கல்யாணத் தேதி இல்ல. ஆறு மாசம் இது சும்மா உக்காந்திருக்காது. வளரும், பரவும். அப்ப வந்தா என்னால இதே வார்த்தை சொல்ல முடியாது.”

“தை வரைக்கும் என் மேல கத்தி படக்கூடாது” என்றாள் அக்கா. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் தலையணை அடியிலிருந்து இதழை எடுத்தேன். சிம்மம்: ‘தை பிறக்கும் வரை உடலில் ஆயுதம் படாமல் பார்த்துக்கொள்ளவும். மருத்துவம் தொடர்பான முடிவுகளைத் தள்ளிப்போடுவது உயிருக்கு நலம்.’

இரண்டு வருடத்துக்கு முன்பு கடக ராசிக்கு நான் எழுதியது. அது மார்கழி கடைசி வார இதழ். தை பிறக்க அப்போது மூன்று நாள் இருந்தது. இடத்தை நிரப்ப எழுதிய இரண்டு வரி. ஞாயிற்றுக்கிழமை ஒரு ராசி தள்ளினேன். மாதத்தைப் பார்க்கவில்லை. அக்கா மேல் கோபத்தில் இருந்தேன்.

என் கையால் எழுதியது. என் கையால் அனுப்பியது.

ஜூலை 21, ஞாயிறு

புலம்பி என்ன ஆகப் போகிறது. எழுதியதை எழுத்தாலேயே சரிசெய்யலாம். இன்று பன்னிரண்டு ராசிக்கும் முன்பே சிம்மத்தைத்தான் எழுதினேன்: ‘கிரகநிலை சாதகமாக மாறிவிட்டது. சிகிச்சைக்கு இதைவிட நல்ல காலம் இல்லை. மருத்துவர் குறித்த தேதியை மாற்ற வேண்டாம்.’

இது ஒன்றும் புதிய வேலை இல்லையே. மூன்று வருடமாகச் செய்வதுதான். அக்காவுக்குச் சர்க்கரை ஏறியபோது ‘இனிப்பு ஆகாத காலம்’ என்று எழுதினேன், நிறுத்திவிட்டாள். நான் ஆறு மாதம் தொண்டை கிழியச் சொன்னபோது நிறுத்தவில்லை. முழங்கால் வீங்கியபோது ‘மலைப்பயணம் தவிர்க்கவும்’. திருத்தணி பஸ் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தாள். நல்லதுதானே செய்தேன்? மூடநம்பிக்கையை அதன் சட்டையைப் போட்டுக்கொண்டே அடித்தேன். வேண்டுமானால் யாராவது என்னோடு வாதாடட்டும்.

ஜூலை 26, வெள்ளி

அக்கா படித்தாள். இரண்டு முறை படித்தாள். நான் சமையலறையில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டே காதைத் தீட்டி வைத்திருந்தேன்.

“பாவம்டி இந்த ஜோசியர்” என்றாள்.

“ஏன்?”

“வயசாயிடுச்சு போல. போன வாரம் வேணாம்னாரு, இந்த வாரம் வேணும்ங்கறாரு. முன்னுக்குப் பின் முரணா ஆயிட்டாரு.”

“கிரகம் மாறியிருக்கும்க்கா.” கிரகம் என்ற சொல்லை என் வாயால் சொல்லிவிட்டேன். பதினேழு வருடக் கட்டுரைகளும் அலமாரியிலிருந்து என்னைப் பார்த்துத் துப்பியிருக்கும்.

“ஒரு வாரத்துல மாறுமா? மொதல்ல வந்த வாக்குதான் வாக்கு. தை வரைக்கும் பொறுத்துக்கறேன்.” என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டாள். “நீ எதுக்குடி அப்படிப் பாக்கற? நான் ஒண்ணும் சாகப் போறதில்ல.”

ரசம் தீய்ந்துவிட்டது.

ஜூலை 27, சனி

சொல்லிவிட்டேன்.

காலைச் சிற்றுண்டி முடிந்து தட்டெடுக்கும்போது, எந்த முன்னுரையும் இல்லாமல், “அக்கா, அந்த ராசி பலனை எழுதறது நான்தான்” என்றேன். முதலில் சிரித்தாள். பிறகு மடிக்கணினியைத் திறந்து ஞாயிறு ஞாயிறாக நான் அனுப்பிய பக்கங்களைக் காட்டினேன். தை மாதத் தவறு எப்படி வந்தது என்று பழைய இதழைப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். கட்டுரைக்கு ஆதாரம் காட்டுவது மாதிரி வரிசையாகக் காட்டினேன். எனக்கு வேறு எப்படிச் செய்வதென்று தெரியவில்லை.

திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“இனிப்பு வேணாம்னது?”

“நான்தான்.”

“திருத்தணிக்குப் போகாதேன்னது?”

“நான்தான்க்கா. உன் முட்டி...”

“பேசாத.” எழுந்து உள்ளே போனாள். பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு பழைய பர்ஸோடு வந்தாள். உள்ளே, மாமா போட்டோவுக்குப் பின்னாலிருந்து, நாலாக மடித்த ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். மணிக்கூண்டிலிருந்து வெட்டியது. ‘சிம்மம்: தனிமை என்று எண்ண வேண்டாம். உங்கள் மேல் உயிரையே வைத்திருக்கும் ஒருவர் உங்கள் அருகிலேயே இருக்கிறார்.’

“மாமா போன முப்பதாம் நாள் வந்துச்சு. இதுவும் நீயா?”

“ஆமா.”

“நான் சாமி எனக்குச் சொல்லுதுன்னு நெனச்சேன்டி. கோயில்ல போய் நின்னா ஒண்ணும் கேக்கறதில்ல, ஒரே கூட்டம். வாரத்துக்கு ஒருக்கா இந்த ரெண்டு வரிதான் எனக்குன்னு வரும். வெள்ளிக்கிழமை வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருப்பேன்.” பர்ஸை மூடினாள். “இதை வாயால சொல்றதுக்கு என்னடி உனக்கு? பக்கத்து ரூம்லதானே படுத்திருக்கேன்?”

காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்துக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து அவளே வந்தாள். முகம் கழுவியிருந்தாள், திருநீறு புதிதாக இட்டிருந்தாள்.

“எத்தனை பேர் படிக்கறாங்க இதை?”

“அறுபதாயிரம் பிரதி போகுது.”

“என்னை மாதிரி எத்தனை சிம்மம் இருக்கோ. எத்தனை பேர் தை வரட்டும்னு உக்காந்திருக்காங்களோ. எனக்கு மட்டும் சொன்னாப் போதுமா? அச்சுல போட்டதை அச்சுலதான் எடுக்கணும். நீதான் எழுதினன்னு அதுல வரட்டும். வந்தா ஆஸ்பத்திரிக்கு வரேன். வரலன்னா வர மாட்டேன்.”

“அக்கா, இது உன் உயிர். இதுல போய்ப் பிடிவாதமா?”

“நீ மட்டும்தான் பிடிவாதம் பிடிக்கலாமா? நானும் அதே அப்பாவுக்குப் பொறந்தவதான்.”

அவள் சொல்வது நியாயம். அதுதான் தாங்க முடியவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

காலையிலேயே ‘நெத்தியடி’யை எழுதி அனுப்பினேன். தலைப்பு: ‘நான்தான் அந்த ஜோதிடர்’. பத்து நிமிடத்தில் தேவசகாயம் சார் போன் செய்தார்.

“என்னம்மா இது? பத்திரிகையை இழுத்து மூடச் சொல்றீங்களா?”

“உண்மையை எழுதச் சொல்றேன் சார்.”

“பின்பக்கத்திலேருந்து படிக்கறவங்கதாம்மா நம்மளைக் காப்பாத்தறாங்க. உங்க நெத்தியடி அவங்க முதுகுல ஏறித்தான் வருது. தெரியுமில்ல?”

தெரியும். நன்றாகவே தெரியும். தெரிந்துதான் மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் பக்கம் நிலைக்க வேண்டும் என்பதற்காக அந்தப் பக்கத்தை எழுதினேன். அக்காவுக்காக எழுதினேன் என்று பாதி நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

அக்காவின் ஆபரேஷன் விஷயத்தைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர்தான், நிஜமாகவே பதறினார். “அய்யோ, நான் ஜெபம் பண்றேன்மா. வேணும்னா ஒரே ஒரு பிரதி தனியா அடிச்சுத் தரேன், அக்காகிட்ட காட்டிடுங்க. அவங்க மனசு சமாதானமாயிடும்.”

ஒரு பிரதி! அக்காவை ஏமாற்ற அச்சகத்திலேயே ஒரு பொய் தயார் செய்து தருகிறாராம். ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், சரி என்று சொல்ல வாய் வந்தது. எவ்வளவு சுலபம். ஐந்தாம் தேதி ஆபரேஷன் நடந்துவிடும்.

“வேண்டாம் சார்” என்றேன்.

“அப்ப பழைய கட்டுரை ஒண்ணைப் போட்டுக்கறேன். ராசி பலனை மட்டும் வழக்கம்போல அனுப்பிடுங்க.” வைத்துவிட்டார்.

வழக்கம்போல அனுப்பினேன். பன்னிரண்டு ராசி, ராசிக்கு நான்கு வரி, எழுத்து எண்ணிக்கைகூட அச்சாகப் பொருந்தும். இதையும் இங்கே எழுதி வைக்கிறேன், நாளைக்கு நானே மறுக்காமல் இருக்க.

மேஷம்: இங்கே படத்தில் சிரிக்கும் ஜோதிடர் மூன்று ஆண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார். 

ரிஷபம்: அன்றுமுதல் இதை எழுதுவது அறிவுக்கொடி. ஆம், பன்னிரண்டாம் பக்கத்தில் ஜோதிடத்தைத் திட்டும் அதே ஆள்.

மிதுனம்: எனக்குக் கிரகம் எதுவும் தெரியாது. பழைய இதழைப் பார்த்து ஒரு ராசி தள்ளி எழுதினேன்.

கடகம்: போன வாரம் உங்களுக்குச் சொன்ன வாகன யோகம், முன்பு மிதுனத்துக்குச் சொன்னது. அவர்களுக்கும் வரவில்லை.

சிம்மம்: அக்கா, நாளை என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. பயமாக இருக்கிறது. நீ இல்லாமல் எனக்கு முடியாது. வா.

கன்னி: ‘தை வரை ஆயுதம் வேண்டாம்’ என்றது என் தவறு. யாராவது சிகிச்சையைத் தள்ளிப்போட்டிருந்தால் இன்றே மருத்துவரைப் பாருங்கள்.

துலாம் முதல் மீனம் வரை: மன்னிப்புக் கேட்டேன். ஆறு ராசிக்கும் தனித்தனியாக. இந்த முறை எந்த வரியையும் தள்ளிப் போடவில்லை.

அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. வந்தால் பார்க்கட்டும்.

ஜூலை 30, செவ்வாய்

போன் வரவில்லை. அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை என்பது எவ்வளவு பெரிய பாக்கியம்.

ஜூலை 31, புதன்

டாக்டர் ரெஹானா போனில் கேட்டார், திங்கட்கிழமைக்குத் தியேட்டர் உறுதியா என்று. உறுதி என்றேன். அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். “யாரைக் கேட்டு உறுதின்ன?” என்றாள். “வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்கா” என்றேன். கோயில் வாசலில் மூன்றாம் வாரத்துக் கூழுக்கு அண்டா கழுவப் போய்விட்டாள். இந்த உடம்போடு அண்டா கழுவுகிறாள்!

ஆகஸ்ட் 2, வெள்ளி

கடைக்குப் போய் நானே வாங்கி வந்தேன். வழியில் திறந்து பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை என்று எழுதினால் தவறில்லை.

அக்கா பூதக்கண்ணாடியோடு நாற்பத்தாறாம் பக்கத்தைத் திறந்தாள். நான் எதிரே நின்றேன், பள்ளிக்கூடத்தில் மார்க் வாசிக்கும்போது நிற்பது மாதிரி. மேஷத்திலிருந்து வாய்விட்டுப் படித்தாள். எழுத்துக் கூட்டிக் கூட்டி, ஒரு ராசியும் விடாமல். சிம்மம் வந்தது. அதை மட்டும் மனசுக்குள் படித்தாள். கன்னியிலிருந்து மறுபடியும் வாய்விட்டு. மீனம் வரை.

கண்ணாடியைக் கீழே வைத்தாள்.

“பன்னெண்டு பேர்கிட்டயும் சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

“உன் பக்கம் போயிடுமே.”

“போகட்டும்.”

“என்னமோ பெரிசா போகட்டும்ங்கற. பதினேழு வருசம்டி.” அப்புறம் தலையைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். “ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போக அந்த நீலப் பையை எங்க வெச்ச?”

பரண் மேல் ஏறி எடுத்தேன். தூசி கண்ணில் விழுந்தது என்று எழுத மாட்டேன். அழுதேன். ஸ்டூல் மேல் நின்றபடி நன்றாக அழுதேன்.

ஆகஸ்ட் 3, சனி

தேவசகாயம் சார் நாற்பது நிமிடம் பேசினார். துரோகம் என்றார். முதுகில் குத்து என்றார். பன்னிரண்டாம் பக்கம் இனி எனக்கு இல்லை என்றார். எல்லாவற்றுக்கும் சரி சார் என்றேன். நான் செய்த தவறுகளில் இது ஒன்று அல்ல என்று மட்டும் சொன்னேன்.

பக்கம் வடிவமைக்கும் ரஹீமிடமிருந்து ஒரு வாட்ஸ்அப்: ‘மேடம், ஞாயித்துக்கிழமையே படிச்சுட்டேன். வாய் திறக்கல. எங்கம்மாவும் சிம்மம்.’ அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை என்று நான் எழுதியதும் தவறு.

பாதி தெருவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் வாசலில் நின்று, “என்னம்மா, எங்களைத் திட்டிட்டு நீங்களே ஜோசியம் சொன்னீங்களாமே?” என்று இளித்தார். ஆமாம் என்றேன். தப்பு என்றும் சொன்னேன். பிறகு, ஸ்பீக்கரை இன்னும் சத்தம் குறைக்கவில்லையே, அதுவும் தப்பு என்றேன். ஒன்றைச் செய்ததால் மற்றொன்றைச் சொல்லும் உரிமையை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

காலை ஏழரைக்கு உள்ளே அழைத்துப் போனார்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் வளையலைக் கழற்றச் சொன்னார், கழற்றி என் கையில் மாட்டிவிட்டாள். எனக்கு அது மணிக்கட்டைத் தாண்டவில்லை. “குண்டு” என்றாள். கதவு மூடியது.

மூன்றரை மணி நேரம். வெளியே வரிசையாக நாற்காலிகள். பக்கத்தில் ஒரு அம்மா, மகளுக்கு ஆபரேஷனாம், அம்மன் படம் ஒன்றை என்னிடம் நீட்டி, “கும்பிட்டுக்கங்கம்மா, மனசுக்கு இதமா இருக்கும்” என்றார். நல்ல மனுஷி. என் கை தானாக நீண்டதை மறைக்க மாட்டேன். அந்த நேரத்தில் யார் எதை நீட்டினாலும் நீண்டிருக்கும். ஆனால் வாங்கவில்லை. “எனக்குப் பழக்கமில்லைங்க, நீங்க உங்க பொண்ணுக்கு வேண்டிக்கங்க” என்றேன். அவர் கோபிக்கவில்லை. தன் பிஸ்கட்டில் பாதியைக் கொடுத்தார், அதை வாங்கிக்கொண்டேன்.

கும்பிடாமல், எழுதாமல், திட்டாமல் மூன்றரை மணி நேரம் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இன்றுதான் தெரிந்தது. பயந்தேன். வேறொன்றும் செய்யவில்லை.

பதினொரு மணிக்கு டாக்டர் ரெஹானா வெளியே வந்தார். கட்டியை முழுதாக எடுத்துவிட்டதாகவும், அக்குளில் பரவியதாகத் தெரியவில்லை என்றும், பரிசோதனை முடிவு வந்தபின் மருந்து பற்றிப் பேசலாம் என்றும் சொன்னார். இரண்டு முறை சொல்லச் சொன்னேன். சலிக்காமல் சொன்னார்.

மாலை நான்கு மணிக்கு அக்காவைப் பார்க்க விட்டார்கள். உதடு காய்ந்திருந்தது. கண்ணைத் திறக்கவும் மூடவுமாக இருந்தாள்.

“முடிஞ்சிடுச்சா?”

“முடிஞ்சிடுச்சுக்கா. எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. பரவலைன்னு டாக்டர் சொன்னாங்க.”

கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். மூன்று வருடம் பொய் சொன்னவளை ஒரு வெள்ளிக்கிழமையில் எப்படி நம்புவது?

“எனக்காகச் சாமி கும்பிட்டியாடி?”

நர்ஸ் டிரிப்ஸைச் சரிசெய்துகொண்டே என்னைப் பார்த்து, ஆமாம் சொல்லுங்கள் என்று கண்ணைக் காட்டினார்.

“இல்லக்கா” என்றேன். “கும்பிடல. பயந்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.”

அக்கா மெல்ல மூச்சு விட்டாள். என் விரலைத் தேடிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

“அப்ப நெசமாவே எல்லாத்தையும் எடுத்துட்டாங்க” என்றாள்.